மிடற்றில் பிறக்கும் இரண்டு ஒலிகள்: கேள்வி பதில்

தொடங்கும் முன் ஓர் எல்லைக்கோடு. இன்று பேசப்போவது இரண்டே ஒலிகள். ஒன்று, அரபியில் 'அலி', 'உமர்', 'ஈஸா' ஆகிய பெயர்களின் முதலில் வரும் அய்ன். மற்றொன்று, 'ஹசன்' என்ற பெயரின் முதலில் வரும் ஹா. இரண்டும் நாவடிக்குப் பின்னால், மிடற்றில் பிறப்பவை. உள்நாக்கில் பிறக்கும் ஒலிகளுக்கும் குரல்வளையை அடைத்துத் திறக்கும் ஒலிக்கும் இங்கே வேலையில்லை. கேட்டால் ஒரு வரியில் பதில் வரும், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

அரபு கற்பவர்: அம்மா, அய்ன் எப்படித்தான் பிறக்கிறது? எங்கள் ஆசிரியர் "தொண்டையிலிருந்து சொல்" என்கிறார். எல்லாமே தொண்டையிலிருந்துதானே வருகிறது?

நல்ல கேள்வி. "தொண்டையிலிருந்து" என்ற அறிவுரையால் யாரும் எதையும் கற்றதில்லை. நடப்பது இதுதான். நாக்கின் அடிப்பகுதி பின்னோக்கி இழுபட்டு, தொண்டையின் பின்சுவரை நெருங்குகிறது. குரல்வளை மூடியும் அதனுடன் பின்னால் சாய்கிறது. குரல்வளை சற்று மேலேறுகிறது. இந்த நெருக்கத்தில் குரல்நாண்கள் அதிர்ந்தால் அய்ன். அதிராமல் மூச்சு மட்டும் உரசிக்கொண்டு வந்தால் ஹா.

கனடாவின் விக்டோரியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜான் எஸ்லிங், மூக்கு வழியாக நுண்கேமராவைச் செலுத்திப் பல மொழிகளைப் பேசுவோரின் தொண்டையைப் படம் பிடித்தார். நெருக்கத்தின் பெரும்பகுதி நாம் நினைத்ததைவிடக் கீழே, குரல்வளையின் மேல்விளிம்பில் உள்ள மடிப்புகளில் நிகழ்கிறது என்று அந்தப் படங்கள் காட்டின. பாடநூல்களில் நாக்கை மட்டும் வரைந்து அம்புக்குறி போட்டிருப்பதைப் பார்த்தால் இதையும் நினைவில் கொள்ளுங்கள்.

இன்னொன்று. பன்னாட்டு ஒலிக்குறி அட்டவணை அய்னை உரசொலி வரிசையில் வைத்திருக்கிறது. ஆனால் பெரும்பாலான அரபு வழக்குகளில் அதில் உரசலே கேட்பதில்லை. 'இ'யை இறுக்கினால் 'ய்', 'உ'வை இறுக்கினால் 'வ்' போன்ற ஒலி பிறப்பதுபோல, 'ஆ'வை இறுக்கினால் அய்ன். பயிற்சியையும் அங்கிருந்தே தொடங்குங்கள். 'ஆ' என்று நீட்டுங்கள், நீட்டிக்கொண்டே நாவடியைப் பின்னால் இழுங்கள், குரல் நெரிபடும், உடனே தளர்த்துங்கள். ஈராக்கில் சிலர் இதை அடைப்பொலி அளவுக்கு இறுக்குவார்கள். அதைத் தொடக்கத்தில் பின்பற்ற வேண்டாம்.

அதே அரபு கற்பவர்: பயிற்சி செய்தால் தொண்டை வலிக்கிறது.

அப்படியானால் நீங்கள் காறுகிறீர்கள். காறாதீர்கள். அய்ன் மூச்சைத் தள்ளும் ஒலி அல்ல, இடத்தைச் சுருக்கும் ஒலி. வலித்தால் நிறுத்துங்கள். முதலில் ஹாவைப் பழகுங்கள்: மூக்குக் கண்ணாடியைத் துடைக்க வாயால் ஊதும் மூச்சை எடுத்துக்கொண்டு, நாவடியைப் பின்னிழுத்து அதைக் கூர்மையாக்குங்கள். ஹா வந்தபின் அதே நிலையில் குரலைச் சேர்த்தால் அய்ன் வந்துவிடும்.

பயண விரும்பி: பிரெஞ்சு 'ர' இந்த ஒலிதானே?

இல்லை. அது உள்நாக்கில் பிறப்பது.

பெயர் சொல்ல விரும்பாதவர்: இந்த ஒலிகள் அரபியில் மட்டும்தான் உண்டா?

அரபியை மட்டும் பார்ப்பவர்களுக்கு அப்படித்தான் தோன்றும். ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட மொழிகளை எடுத்து ஆராய்ந்த ஓர் உலக மொழி வரைபடத்தில் மிடற்றொலி உள்ளவை இருபது சொச்சம்தான். அரிதான ஒலிதான், ஆனால் ஒரே மூலையில் குவிந்திருக்கும் ஒலி அல்ல.

செமித்தியக் குடும்பத்தில் அரபி, திக்ரின்யா, துரோயோ என்னும் அரமேயக் கிளைமொழி. குஷித்தியக் கிளையில் சோமாலி, அபார், தான்சானியாவின் இராக்வ். இவற்றுக்கு மிக அருகில் பேசப்படும் ஒரோமோவில் இல்லை. காக்கேசிய மலைகளில் செச்சேனியம், அவார், அபாசா. அங்கேயே தாகெஸ்தானில் அகுல் என்றொரு சிறு மொழி இருக்கிறது. மிடற்றிலேயே மேலொன்று கீழொன்று என இரண்டு இடங்களைப் பிரித்து, வேறுவேறு சொற்களில் ஆளும் மொழி அது. குர்தியில் அரபிக் கடன்சொற்களோடு வந்த ஒலி, 'ஏழு' போன்ற சொந்தச் சொற்களுக்குள்ளும் புகுந்துவிட்டது. தைவானின் பழங்குடி மொழிகளில் ஆமிஸ், அத்தயல். டென்மார்க்கின் டேனிய மொழியின் 'ர' கூட உள்நாக்கைத் தாண்டி மிடற்றுப் பக்கம் இறங்கிவிட்டது.

எனக்கு மிகப் பிடித்தது வட அமெரிக்காவின் மேற்குக் கரை. வான்கூவர் தீவில் பேசப்படும் நூ-சா-நுல்த் மொழியில் அய்னும் உண்டு, ஹாவும் உண்டு. யாரிடமிருந்தும் கடன் வாங்கியவை அல்ல. உள்நாக்கில் வெடித்த ஓர் ஒலி காலப்போக்கில் கீழிறங்கி அய்ன் ஆனது. உள்நாக்கு உரசொலி கீழிறங்கி ஹா ஆனது. எப்படித் தெரியும் என்றால், நீரிணைக்கு அப்பால் பேசப்படும் அதன் உறவுமொழி மாக்காவில் அதே சொற்களில் பழைய உள்நாக்கொலிகளே இருக்கின்றன. இரண்டையும் அருகருகே வைத்தால் மாற்றம் நடந்த வழி அப்படியே தெரிகிறது. வடக்கே ஹைடா மொழியின் மாசெட் வழக்கிலும் உள்நாக்கொலிகள் இதேபோல் கீழே இறங்கியிருக்கின்றன. உள்நாட்டு சாலிஷ் மொழிகளிலோ, இதழைக் குவித்துச் சொல்லும் அய்ன் தனி ஒலியனாகவே, அதாவது சொல்லின் பொருளை மாற்றவல்ல ஒலியாகவே, இருக்கிறது. அரபியில்கூட அது இல்லை.

புவியியல் ஆர்வலர்: பாலைவனத்தின் வறட்சியால்தான் இந்த ஒலி உருவானது என்று படித்தேன்.

வான்கூவர் தீவின் மேற்குக் கரை மழைக்காடு. காக்கேசியத்தில் பனி. வேறு கேள்வி இருந்தால் கேளுங்கள்.

உருது ஆர்வலர்: உருதுவிலும் அய்ன் எழுத்து இருக்கிறதே, அதைப் பட்டியலில் விட்டுவிட்டீர்கள்.

எழுத்து இருக்கிறது, ஒலி இல்லை. பாரசீகத்திலும் உருதுவிலும் அய்ன் எழுத்து அரபிச் சொற்களின் எழுத்துக்கூட்டலைக் காக்கிறதே தவிர, மிடறு நெரிபடுவதில்லை. அம்ஹாரிக்கிலும் அப்படியே: பழைய எழுத்துகள் நெடுங்கணக்கில் உட்கார்ந்திருக்கின்றன, ஒலிகள் போய்விட்டன. மால்டீயத்தில் அய்னுக்குரிய எழுத்து பெரும்பாலும் பக்கத்து உயிரை நீட்டுவதோடு சரி. எழுத்தைப் பார்த்து ஒலியை முடிவு செய்யாதீர்கள். இதை இன்று பலமுறை சொல்ல வேண்டியிருக்கும் என்று நினைக்கிறேன்.

இசை மாணவி: ஜெர்மன் மொழியில் 'பாஹ்' என்ற பெயரின் இறுதியில் வரும் ஒலி?

மிடறு அல்ல. மேலே பிரெஞ்சுக்குச் சொன்ன பக்கம் பாருங்கள்.

விவிலிய வாசகர்: எபிரேயத்தில் காசா நகரின் பெயர் அய்னில்தான் தொடங்குகிறது. பிறகு 'கா' எங்கிருந்து வந்தது?

இதற்குக் கொஞ்சம் பொறுமையாகப் பதில் சொல்கிறேன், ஏனென்றால் எழுத்தும் ஒலியும் வேறு என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைக்காது. பழைய எபிரேயத்தில் அய்ன் என்ற ஒரே எழுத்து இரண்டு ஒலிகளுக்கு நின்றது. ஒன்று மிடற்று அய்ன். மற்றொன்று அரபியில் இன்றும் தனி எழுத்தாக வாழும் கய்ன்; அது இன்னும் மேலே, உள்நாக்கருகே உரசுவது. பொது ஆண்டுக்கு முன் மூன்றாம் நூற்றாண்டில் வேதநூலைக் கிரேக்கத்தில் பெயர்க்கத் தொடங்கியவர்களுக்கு இந்த வேறுபாடு காதில் விழுந்திருக்கிறது. கய்ன் ஒலித்த இடத்தில் கிரேக்கக் 'காமா'வை எழுதினார்கள்: காசா, கொமோரா. அய்ன் ஒலித்த இடத்தில் எழுத ஒன்றுமில்லை, ஆகவே விட்டுவிட்டார்கள்: ஏலி. தமிழ் விவிலியத்திலும் இந்தப் பெயர்கள் இன்றுவரை அப்படியே நிற்கின்றன. எபிரேய மூலத்தை மட்டும் பார்த்தால் மூன்றும் ஒரே எழுத்தில் தொடங்கும். அரபியில் காசா இன்றும் கய்னில்தான் தொடங்குகிறது.

இன்றைய எபிரேயத்தில் பெரும்பாலோர் அய்னை உச்சரிப்பதில்லை. யேமனிய யூதர் மரபு இரண்டு மிடற்றொலிகளையும் காத்துவந்திருக்கிறது.

இளைஞர்: அரபியை ரோமன் எழுத்தில் தட்டச்சு செய்பவர்கள் நடுவே 3, 7 என்று எண்கள் போடுகிறார்களே?

3 அய்ன், 7 ஹா. எழுத்தின் வடிவத்தைக் கண்ணாடியில் பார்த்ததுபோல் இருப்பதால் 3. அவ்வளவுதான்.

மரபிலக்கண அன்பர்: அம்மையீர், இவ்வளவு தூரம் சுற்ற வேண்டுமா? நம் ஆய்த எழுத்தே அய்ன். தொல்காப்பியர் மிடற்றைக் குறிப்பிடுகிறார். உலகுக்கு இவ்வொலியைக் கொடுத்ததே தமிழ்தான்.

வரும் என்று எதிர்பார்த்தேன். தொல்காப்பியர் மிடறு என்கிறார், உண்மை. எதற்கு? பன்னிரண்டு உயிரும் "மிடற்றுப் பிறந்த வளியின்" இசைக்கும் என்பதற்கு. நன்னூல் உயிருக்கும் இடையினத்துக்கும் மிடற்றை இடமாகக் கொடுக்கிறது. ஆய்தத்துக்கு அதே நன்னூல் கொடுக்கும் இடம் எது? "ஆய்தக் கிடந்தலை அங்கா முயற்சி". தலை, ஐயா. மிடறு அல்ல. நூலைச் சான்றுக்கு அழைத்தால் நூல் சொல்வதைக் கேட்க வேண்டும்.

மரபிலக்கண அன்பர்: நன்னூல் பிற்காலத்தது. தொல்காப்பியம் ஆய்தத்துக்குத் தலை என்று சொல்லவில்லையே.

சொல்லவில்லை. அது சொல்வது இன்னும் சுவையானது. சார்பெழுத்து மூன்றுக்கும் தமக்கென இயல்பு இல்லை, "தத்தம் சார்பின் பிறப்பொடு சிவணி" வரும் என்கிறது. எதைச் சார்ந்து வருகிறதோ அதன் பிறப்பிடத்தோடு ஒட்டி ஒலிக்கும் என்பது பொருள். அய்ன் யாரையும் சார்ந்ததல்ல. சொல்லின் முதலில் வரும், நடுவில் வரும், கடைசியில் வரும், இரட்டிக்கும். ஆய்தமோ குற்றெழுத்துக்குப் பின்னும் உயிரேறிய வல்லெழுத்துக்கு முன்னும் மட்டுமே நிற்கும்: அஃது, எஃகு, பஃது. இது தொல்காப்பியரே வகுத்த விதி.

புணர்ச்சியையும் பாருங்கள். கல் + தீது = கஃறீது. முள் + தீது = முஃடீது. நாநுனியில் பிறந்த லகரமும் ளகரமும் வல்லெழுத்தின் முன் ஆய்தமாகின்றன. நாநுனி ஒலி ஒன்று, அடுத்து வரும் நாநுனி வல்லெழுத்தின் அழுத்தத்தில், ஒரே தாவலில் மிடற்றுக்குப் போய்விட்டது என்பதைவிட, அதே இடத்தில் உரசலாகத் தளர்ந்தது என்பது எளிய விளக்கம். என் கணிப்பு: பழைய ஆய்தம் பக்கத்து வல்லெழுத்தின் சாயல் கொண்ட ஒரு மெல்லிய உரசொலி. இன்று நாம் 'அஃ' என்று நெடுங்கணக்கு ஓதும்போது எழுப்பும் ஒலியை வைத்து முன்னோர் ஒலித்ததை அளக்க முடியாது. எழுத்தைப் பார்த்து ஒலியை முடிவு செய்யாதீர்கள்.

மொழியியல் மாணவி: குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். மொழியியலாளர் பத்ரிராஜு கிருஷ்ணமூர்த்தி, திராவிட மொழிகளின் பொது மூதாதையான மூலத் திராவிடத்துக்கு ஒரு குரல்வளை ஒலியை மீட்டுருவாக்கி, ஆய்தத்தை அதன் எச்சம் என்கிறாரே? அப்படியானால் அன்பர் சொல்வதில் பாதி உண்மைதானே?

இது வாதம். இதற்குப் பதில் சொல்லலாம். அவர் அந்த ஒலியைக் கருதியதற்குக் காரணம் உண்டு: 'பஃது' போன்ற சொற்களில் ஆய்தமும், அவற்றின் உறவுச்சொற்களில் உயிரின் நீட்சியும் ஒரே மூலத்தைக் கேட்கின்றன. ஆனால் அப்படி மீட்கப்பட்ட ஒலிக்கு இடும் பெயர் ஒரு முகவரிச் சீட்டு மட்டுமே. இந்தோ-ஐரோப்பியத்தில் இதே கதை நடந்திருக்கிறது. மொழியியலாளர் சோசூர் 1879இல், உயிர் மாற்றங்களை மட்டும் வைத்து, மறைந்துபோன சில ஒலிகள் இருந்தாக வேண்டும் என்றார். 1927இல் மற்றொரு மொழியியலாளர் குரிலோவிச், அக்குடும்பத்தின் மிகப் பழைய மொழிகளில் ஒன்றான ஹிட்டைட்டில் அவற்றில் ஒன்று எதிர்பார்த்த இடத்தில் எழுத்தாகவே நிற்பதைக் காட்டினார். ஒலி இருந்தது என்பது உறுதியாயிற்று. அது மிடற்றிலா, உள்நாக்கிலா, குரல்வளையிலா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. திராவிடத்திலும் 'ஏதோ ஒன்று இருந்தது' என்பதிலிருந்து 'அது அய்ன்' என்பதற்குப் போக வழியில்லை. உலகுக்குக் கொடுத்தோம் என்பதற்கு அறவே வழியில்லை. நூ-சா-நுல்த் தன் அய்னைத் தானே செய்துகொண்டதை மேலே பார்த்தோம்.

மரபிலக்கண அன்பர்: எனக்கு ஒப்புதல் இல்லை.

சரி. கஃறீதுக்கு விளக்கம் கிடைத்ததும் எழுதுங்கள்.

மற்றொருவர்: ஆய்தத்தை 'ஃப' என்று எழுதுவது பற்றி...

இல்லை. ஆய்தம் முடிந்தது.

வரலாற்று மாணவர்: பழைய மெசபடோமியாவின் அக்காடியம் செமித்திய மொழிதானே, அதில் ஏன் அய்ன் இல்லை?

இருந்தது, உதிர்ந்தது. போகும்போது தடம் விட்டுப் போனது. மற்ற செமித்திய மொழிகளில் 'பஅல்' என்பதுபோல் வரும் சொல் அக்காடியத்தில் 'பேல்'. அய்ன் மறையும் முன் பக்கத்து அகரத்தை எகரமாக முன்னிழுத்து, தன் இடத்தை நீட்சியாக விட்டுச் சென்றது. சுமேரிய மொழியோடு நெருங்கிப் பழகியதால் இழந்தது என்று பலர் கருதுகிறார்கள். நானும் அந்தப் பக்கம்தான்.

அகராதிப் பிரியர்: அய்னில் தொடங்கும் அரபு அகராதி உண்டாமே?

உண்டு. எட்டாம் நூற்றாண்டில் பஸ்ராவில் வாழ்ந்த அல்-கலீல் எழுத்துகளை அகர வரிசையில் வைக்காமல் பிறப்பிட வரிசையில் வைத்தார். தொண்டையில் தொடங்கி இதழில் முடியும் வரிசை அது. அதன் முதல் எழுத்து அய்ன் என்பதால் நூலின் பெயரும் அதுவே. அவர் மாணவர் சீபவைஹி தொண்டையை மூன்றாகப் பகுத்தார்: அடியில், குரல்வளையை அடைத்துத் திறக்கும் ஹம்ஸாவும் மெல்லிய ஹாவும், நடுவில் நம் இரண்டு ஒலிகளும், மேலே கய்னும் அதன் குரலற்ற இணையான காவும். நுண்கேமரா இல்லாத காலம்.

பயண விரும்பி: பிரெஞ்சு 'ர' மிடறு இல்லையென்றால், டச்சு...

உள்நாக்கு. அல்லது அதற்கும் முன்னே. எப்படியும் மிடறு இல்லை.

செய்தி மொழிபெயர்ப்பாளர்: சோமாலியப் பெயர்களில் ரோமன் 'சி' வருகிறது. அதைச் 'ச' என்று எழுதலாமா?

கூடாது. 1972இல் சோமாலிக்கு ரோமன் எழுத்தை ஏற்றபோது, அய்னுக்குச் 'சி'யையும் ஹாவுக்கு 'எக்ஸ்'ஸையும் ஒதுக்கினார்கள். ஆகவே 'சி'யில் தொடங்கும் பெயர் அப்தி; 'எக்ஸ்'ஸில் தொடங்குவது ஹசன். பக்கத்து அபார் மொழியிலோ 'சி' ஹாவுக்கும் 'க்யூ' அய்னுக்கும் நிற்கின்றன. எந்த மொழிப் பெயர் என்று தெரிந்துகொண்டு எழுதுங்கள்.