துண்டு விழும் இடம் எது? குடும்பச் செலவு குறித்த கேள்வி பதில்

விலைவாசி பற்றி எனக்குக் கேள்வி எழுதுபவர்களில் பெரும்பாலோர் காய்கறியில்தான் தொடங்குகிறார்கள். தினமும் கண்ணில் படும் விலை அது என்பதால் கோபமும் அதன்மேல் வருகிறது. ஆனால் வரவு செலவை எழுதி அனுப்பியவர்களின் கணக்கைப் பார்க்கும்போது, இரண்டு மாதத்துக்கு ஒருமுறையும் ஆண்டுக்கு ஒருமுறையும் வந்து நிற்கும் செலவுகளாலும், அவற்றைச் சமாளிக்க வாங்கிய கடனின் வட்டியாலும்தான் மாதக் கடைசியில் துண்டு விழுகிறது என்பது தெரிகிறது. இம்முறை அத்தகைய கேள்விகளுக்கு அதிக இடம் ஒதுக்கியிருக்கிறேன்.

பணவீக்கம் குறைந்துவிட்டது என்று செய்தி வருகிறது. என் மளிகைப் பட்டியலில் ஒரு பொருளும் குறையவில்லையே? (ஓய்வுபெற்ற ஆசிரியர், கும்பகோணம்)

செய்தியும் சரி, உங்கள் பட்டியலும் சரி. பணவீக்கம் என்பது விலை ஏறும் வேகம். விலையின் உயரம் அன்று. நூறு ரூபாய்ப் பொருள் ஓராண்டில் 108 ரூபாயாகி, மறு ஆண்டு முழுவதும் அங்கேயே நின்றால், மறு ஆண்டின் பணவீக்கம் சுழியம்தான். ஆனால் அந்த எட்டு ரூபாய் உங்கள் கைக்குத் திரும்பி வராது. 2025 அக்டோபரில் நாட்டின் சில்லறைப் பணவீக்கம் 0.25 சதவீதமாகக் குறைந்தபோது, அதற்கு முக்கியக் காரணம் முந்தைய ஆண்டு உச்சத்தில் இருந்த உணவுப்பொருள் விலை இறங்கியதுதான். பணவீக்கத்தைக் கணக்கிடும் அப்போதைய விலைக் குறியீட்டில் உணவு, பானங்களின் பங்கு ஏறக்குறைய 46 சதவீதம். மருந்துக்கும் வாடகைக்கும் வருமானத்தில் பெரும்பங்கைக் கொடுக்கும் ஓய்வூதியர் வீட்டில் அந்த இறக்கம் உணரப்படாமல் போனதில் வியப்பில்லை. சென்ற ஆண்டின் இதே மாதக் கணக்கு நோட்டு இருந்தால் எடுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். உங்கள் வீட்டின் பணவீக்கம் அதில்தான் இருக்கிறது.

வாடகை வீட்டில் சப்-மீட்டர் (வீட்டுக்காரரின் இணைப்பிலிருந்து பிரித்த உள்மீட்டர்). வீட்டுக்காரர் யூனிட்டுக்கு 9 ரூபாய் வாங்குகிறார். கோடையில் மின்கட்டணம் மட்டும் நான்காயிரத்தைத் தாண்டுகிறது. என்ன செய்வது? (இல்லத்தரசி, தாம்பரம்)

தமிழ்நாட்டில் வீட்டு மின் இணைப்புக்கு இரண்டு மாதத்துக்குக் குறிப்பிட்ட அளவு யூனிட் இலவசம். அந்தச் சலுகை மின் இணைப்புக்கு உரியது. மூன்று குடும்பங்கள் ஒரே இணைப்பில் இருந்தால் மூன்றுக்கும் சேர்த்து ஒரே சலுகைதான். அதைவிடப் பெரிய இழப்பு, மூன்று வீட்டுப் பயன்பாடும் ஒன்றாகக் கூடி, யூனிட் விலை கூடுதலான மேல் அடுக்குகளுக்குப் போய்விடுவதில் இருக்கிறது. வீட்டுக்காரர் 9 ரூபாய் கேட்பது பேராசையாக இருக்கலாம். அவருக்கு வரும் பில்லே அப்படி இருக்கவும் வாய்ப்புண்டு. சண்டைக்கு முன்னால் மின்வாரிய பில்லைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். உங்கள் பகுதிக்குத் தனி இணைப்பு வாங்க அவர் சம்மதித்தால், வைப்புத்தொகையில் ஒரு பகுதியை நீங்கள் ஏற்றுக்கொள்வதுகூட நீண்ட காலத்தில் நட்டமில்லை.

தனி மீட்டர் உள்ளவர்களுக்கும் இதில் ஒரு செய்தி உண்டு. இரண்டு மாதப் பயன்பாடு 500 யூனிட்டைத் தாண்டுகிற இடம் ஒரு பள்ளம். தாண்டிய யூனிட்டின் விலை அதற்கு முந்தைய அடுக்கைவிட மூன்றில் ஒரு பங்கு கூடுதல் என்பதோடு, கீழ் அடுக்கு யூனிட்டுகளுக்குக் கிடைத்துவந்த சலுகையில் ஒரு பகுதியும் பறிபோகிறது. ஆகவே 501ஆவது யூனிட் ஒன்றே இருநூறு ரூபாய்க்கு மேல் விழுகிறது. நாளொன்றுக்கு எட்டு யூனிட் என்பதுதான் எல்லைக்கோடு. ரீடிங் எடுத்துச் சென்ற முப்பதாவது நாளில் நீங்களே மீட்டரைப் பார்த்து, 250ஐத் தாண்டியிருந்தால் மீதி முப்பது நாளைத் திட்டமிடலாம்; பில் வந்தபிறகு செய்ய ஒன்றுமில்லை.

எதைக் குறைப்பது என்று கேட்டால், டியூப் லைட்டை அணைத்து அணைத்துப் பிள்ளைகளைத் திட்டுவதில் பெரிய பயனில்லை. பழைய மின்விசிறி 75 வாட் இழுக்கும். பிஎல்டிசி எனப்படும், மின்சாரம் குறைவாக இழுக்கும் புதுவகை விசிறி முப்பது வாட்டில் ஓடும். நாளுக்குப் பதினைந்து மணி நேரம் சுற்றும் விசிறியில் இந்த வித்தியாசம் இரண்டு மாதத்துக்கு நாற்பது யூனிட். கூடத்திலும் படுக்கையறையிலுமாக இரண்டை மாற்றினாலே எண்பது யூனிட் குறைகிறது.

வீடு மாறும் எண்ணம் இருந்தால், அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே தனி மீட்டர் உண்டா என்று கேட்டுவிடுங்கள். அட்வான்ஸ் பற்றியும் ஒரு சொல்: 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டத்தில் மூன்று மாத வாடகை என்ற வரம்பு இருக்கிறது, ஆனால் இருவரும் வேறுவிதமாக ஒப்பந்தம் செய்துகொண்டால் அது பொருந்தாது. அந்த ஓட்டை வழியாகத்தான் சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் இன்னும் நடமாடுகிறது.

பால் செலவைக் குறைக்க முடியுமா? நாள்தோறும் ஆவின் ஆரஞ்சு பாக்கெட் ஒன்றரை லிட்டர் வாங்குகிறோம். (மதுரை)

முடியும். 2022 நவம்பரில் ஆரஞ்சு லிட்டர் 60 ரூபாயாக உயர்த்தப்பட்டபோது நீல பாக்கெட் 40 ரூபாயிலேயே விடப்பட்டது. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு பெரும்பாலும் கொழுப்பில்தான்: ஒன்றில் 6 சதவீதம், மற்றதில் 3. புரதம் ஏறத்தாழ ஒன்றே. ஒரு லிட்டரை நீலத்துக்கு மாற்றினால் மாதம் 600 ரூபாய் மிஞ்சும். தயிர் சற்று நீர்க்கும், மாமியார் காபி திக்காக இல்லை என்பார். அதற்குத்தான் மீதி அரை லிட்டர். பருப்பைக் குறைப்பதை மட்டும் தவிர்த்துவிடுங்கள். நியாயவிலைக் கடையில் துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். கௌரவம் பார்த்து வாங்காமல் விடும் நடுத்தரக் குடும்பங்கள் பல.

சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைக்கு மாதம் 2,800 ரூபாய். ஒருநாள் விட்டு ஒருநாள் சாப்பிடுகிறேன். (திருநெல்வேலி)

இப்படி நாள் விட்டுச் சாப்பிடுவதை இன்றே நிறுத்துங்கள். மருத்துவரிடம் மருந்தின் மூலப்பெயரை எழுதித் தரச் சொல்லி, மக்கள் மருந்தகத்திலோ 2025 பிப்ரவரியில் தொடங்கப்பட்ட முதல்வர் மருந்தகத்திலோ விசாரியுங்கள். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இவை இலவசம். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பதிந்தால் வீட்டுக்கே வரும்.

ஒவ்வொரு ஜூனிலும் இரண்டு பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்துக்கு 60,000 ரூபாயை மூன்று வட்டிக்கு வாங்கி, மார்ச்சில் திருப்புகிறேன். வீட்டில் ஐந்து பவுன் இருக்கிறது. மனைவி அடகு வைக்கச் சம்மதிக்கவில்லை. (தனியார் நிறுவன ஊழியர், ஈரோடு)

மூன்று வட்டி என்பது சிறிய சொல்லாகக் காதில் விழுகிறது. நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய், ஆண்டுக்கு 36 சதவீதம். ஒன்பது மாதத்துக்கு வட்டி மட்டும் 16,200 ரூபாய். இதே தொகையைப் பத்து சதவீத வட்டியில் நகைக்கடனாக வாங்கியிருந்தால் 4,500 ரூபாய். நகை பெட்டியில் இருப்பதற்காக நீங்கள் ஆண்டுதோறும் 11,700 ரூபாய் கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

உங்கள் மனைவியின் தயக்கத்தை நான் அசட்டை செய்யவில்லை. அடகுக்குப் போன நகை திரும்பாத வீடுகளை எல்லோரும் பார்த்திருக்கிறோம். ரிசர்வ் வங்கி 2025 ஜூனில் வெளியிட்டு, 2026 ஏப்ரல் 1 முதல் கட்டாயமாக்கிய விதிகளை அவருக்குச் சொல்லுங்கள். இரண்டரை லட்சம் வரையிலான கடனுக்கு நகை மதிப்பில் 85 சதவீதம் வரை தரலாம். அசலும் வட்டியும் ஒரே தவணையாகக் கட்டும் கடனில், முடிவில் கட்டவேண்டிய வட்டியையும் சேர்த்தே இந்த வரம்பு கணக்கிடப்படும். கடன் முடிந்தபின் ஏழு வேலை நாட்களுக்குள் நகையைத் தராவிட்டால், தாமதத்துக்குக் கடன் கொடுத்தவரே பொறுப்பென்றால், நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு உண்டு. உங்களுக்கு ஐந்து பவுனும் தேவைப்படாது. தேவையான அளவுக்கு மட்டும் வையுங்கள்.

அடுத்த ஆண்டு கடனே வேண்டாமென்றால் ஜூலை முதல் மாதந்தோறும் 5,000 ரூபாயைத் தொடர்வைப்பில் (ஆர்.டி.) போடவேண்டும். பழைய கடனும் புதிய சேமிப்பும் சேர்ந்து ஓராண்டு நெருக்கும் என்பதை மறைத்துப் பயனில்லை. தீபாவளி போனஸ் வந்தால் ஜவுளிக்கு முன்னால் கடனுக்குப் போகட்டும். அதோடு, தனியார் பள்ளிகளுக்கான அரசின் கட்டண நிர்ணயக் குழு உங்கள் பள்ளிக்கு நிர்ணயித்த தொகை எவ்வளவு என்று பாருங்கள். பருவவாரியாகக் கட்ட அனுமதி கேளுங்கள். கேட்டவர்களுக்குப் பல பள்ளிகள் தருகின்றன.

அக்கம்பக்கத்தில் தீபாவளிச் சீட்டு சேர்க்கிறார்கள். மாதம் 1,000 கட்டினால் மளிகையும் பட்டாசும் வெள்ளி நாணயமும் என்கிறார்கள். சேரலாமா? (வேலூர்)

பெயர்தான் சீட்டு. 1982ஆம் ஆண்டு சீட்டு நிதிச் சட்டத்தின்கீழ் பதிவான சீட்டில் ஏலம் உண்டு, பதிவாளர் உண்டு, நடத்துபவரின் கமிஷனுக்கு 7 சதவீத உச்சவரம்பு உண்டு. நீங்கள் சொல்வதில் இவை ஏதுமில்லை. உங்கள் பணத்தை ஒருவர் பன்னிரண்டு மாதம் கையில் வைத்திருக்கிறார், அவ்வளவே. அவர்கள் கொடுத்த பட்டியலை எடுத்துக்கொண்டு உங்கள் ஊர் மொத்த மளிகைக் கடையில் விலை கேளுங்கள். 12,000 ரூபாய்க்கு எவ்வளவு குறைகிறதோ, அவ்வளவும் நீங்கள் கொடுக்கும் கட்டணம். சேர்ந்துவிட்டவராக இருந்தால் தொகையும் தேதியும் கையெழுத்தும் உள்ள அட்டை இல்லாமல் அடுத்த தவணையைக் கட்ட வேண்டாம்.