3080-ஐ மாற்றுமுன் ஒரு சின்னச் சோதனை

உங்களிடம் இருப்பவை ரைசன் 5 3600 பிராசசர், 10 ஜிபி நினைவகமுள்ள ஆர்டிஎக்ஸ் 3080 கிராபிக்ஸ் கார்டு, 1440பி மானிட்டர், 650 வாட் பவர் சப்ளை. என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 5080 கார்டை வாங்கலாமா, அதற்குப் போட்டியாக ஏஎம்டியின் கார்டு வரக் காத்திருக்கலாமா என்பது உங்கள் கேள்வி. இரண்டுக்கும் முன்னால் ஒன்று செய்து பாருங்கள்.

ஃபிரேம் எண்ணிக்கை (நொடிக்கு எத்தனை படங்கள் என்பது) விழும் இடத்தில் கேமை நிறுத்தாமல், அமைப்புகளில் ரெசல்யூஷனை 1080பி ஆக்குங்கள். ஃபிரேம் எண்ணிக்கை அசையவே இல்லையா? அப்படியானால் திணறுவது உங்கள் பிராசசர். கார்டின் பயன்பாடும் 100 சதவீதத்தை எட்டாமல் கீழேயே நிற்கும். 5080 போட்டாலும் அதே கதைதான். பயாஸை (மதர்போர்டின் அடிப்படை மென்பொருளை) புதுப்பித்துவிட்டு, ரைசன் 7 5700எக்ஸ்3டி பிராசசர் கிடைத்தால் அதே மதர்போர்டில் பொருத்துங்கள்; செலவும் மிச்சம்.

எண்ணிக்கை சட்டென ஏறினால் கார்டுதான் காரணம். டெக்ஸ்சர் தரத்தை ஒரு படி குறைத்ததும் திக்கல் நின்றால், கார்டின் அந்த 10 ஜிபி நினைவகம் போதவில்லை என்று அர்த்தம்.

காத்திருப்பதில் எனக்கு நம்பிக்கையில்லை. 2025-இல் வந்த 9000 வரிசையில் ஏஎம்டி உச்சப் போட்டியிலிருந்து வேண்டுமென்றே விலகிக்கொண்டது. அதன் 9070 எக்ஸ்டி மோதுவது 5080-ஓடு அல்ல, என்விடியாவின் 5070 டிஐயோடு. 5080-ஐயும் சேர்த்து மூன்றிலும் நினைவகம் 16 ஜிபிதான். 1440பிக்கு நானாக இருந்தால் 9070 எக்ஸ்டி, 5070 டிஐ இரண்டில் மலிவானதை எடுப்பேன். ரே டிரேசிங் (ஒளியையும் நிழலையும் நிஜம் போலக் காட்டும் வசதி) அதிகம் போடுவீர்கள் என்றால் 5070 டிஐ.

அப்புறம், 5080 தான் என்று முடிவெடுத்தால் பவர் சப்ளையையும் கணக்கில் சேருங்கள். கார்டு மட்டுமே 360 வாட். என்விடியா பரிந்துரைக்கும் பவர் சப்ளை 850 வாட்; உங்களிடம் இருப்பது 650.