பாட்டிஸ்டூட்டா எதை வீணடித்தார்?

கேள்வி: சென்ற இதழில் அர்ஜென்டினா கால்பந்து வீரர் கேப்ரியல் பாட்டிஸ்டூட்டாவை மகத்தான ஸ்டிரைக்கர் என்று எழுதியிருந்தீர்கள். 12 சீசன் இத்தாலியில் ஆடியும் அவர் வென்றது ஒரே ஒரு லீக் பட்டம். ஃபியோரென்டினா மாதிரி ஒரு நடுத்தர அணியில் 9 வருடத்தை வீணடித்துவிட்டு, கடைசியில் பணத்துக்காக ரோமாவுக்குப் போனவர். இதில் மகத்துவம் எங்கே இருக்கிறது?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: ஒரே ஒரு லீக் பட்டம் என்பது சரி. மற்ற எதையும் நான் ஏற்கவில்லை. 'வீணடித்து' என்ற சொல்லைப் படித்தபோது கோபமே வந்தது.

1991-இல் சிலியில் நடந்த, தென் அமெரிக்க நாடுகளுக்கான கோபா அமெரிக்கா போட்டியில் 6 கோல் அடித்து, அர்ஜென்டினாவுக்குக் கோப்பையை வாங்கிக் கொடுத்த கையோடு ஃபியோரென்டினாவின் ஊரான ஃபுளோரன்ஸ் நகரத்துக்கு வந்தவர் அவர். அப்போது வயது 22. அதற்கு முன் மூன்று வருடத்தில் நியூவெல்ஸ், ரிவர் பிளேட், போகா ஜூனியர்ஸ் என்று மூன்று கிளப்புகள் பார்த்தாயிற்று. ஃபியோரென்டினா கடைசியாக இத்தாலிய லீக்கை வென்றது 1969-இல். பாட்டிஸ்டூட்டா பிறந்த வருடமும் அதுதான். அப்புறம் இன்றுவரை அந்த அணி லீக்கை வெல்லவே இல்லை. அப்படிப்பட்ட அணிக்கு ஒரு ஸ்டிரைக்கர் வந்தால் அவரிடம் எதை எதிர்பார்க்கலாம்? கோலைத்தான். முதல் சீசனில் 13, அடுத்ததில் 16.

16 கோல் அடித்த அந்த 1992-93 சீசனில்தான் அணி இரண்டாம் பிரிவுக்கு இறங்கியது. சீசனின் பாதியில் பட்டியலில் நல்ல இடத்தில் இருந்த அணி அது. ஜனவரியில் உரிமையாளர் பயிற்சியாளர் ராடிச்சேயை வீட்டுக்கு அனுப்பினார். அதன் பிறகு எல்லாமே சரிந்தது. கடைசி நாளில் ஃபோஜாவை 6–2 என்று நொறுக்கியும் தப்பிக்க முடியவில்லை. முதலாளியின் அந்த முடிவை ஸ்டிரைக்கரின் கணக்கில் எழுதுவது எந்த ஊர் நியாயம்?

அப்போதே அவர் கிளம்பியிருக்கலாம். 24 வயது, அர்ஜென்டினாவின் ஸ்டிரைக்கர். அந்தக் கோடையில் ஈக்வடாரில் நடந்த அடுத்த கோபா இறுதி ஆட்டத்தில் மெக்சிகோவுக்கு எதிராக இரண்டு கோலும் அவருடையதுதான். அப்படிப்பட்டவர் இத்தாலியின் இரண்டாம் பிரிவில், சின்ன ஊர் மைதானங்களில் ஒரு சீசன் முழுக்க ஆடினார். 16 கோல் அடித்து அணியை மேலே கொண்டுவந்தார். திரும்பி வந்த 1994-95 சீசனில் முதல் 11 சுற்றுகளிலும் தொடர்ந்து கோல் அடித்தார். போலோன்யா அணியின் பாஸ்குட்டி தொடர்ந்து 10 ஆட்டங்களில் கோல் அடித்து வைத்திருந்த முப்பதாண்டுச் சாதனை உடைந்தது. சீசன் முடிவில் 26 கோலுடன் லீக்கிலேயே முதலிடம். தடுப்பாட்டத்துக்குப் பேர்போன இத்தாலியில், மால்தினி, பரேசி போன்ற தடுப்பாட்டக்காரர்கள் காவல் நின்ற காலத்தில் இது நடந்தது என்பதை மறக்க வேண்டாம்.

பட்டமே இல்லை என்றும் சொல்ல முடியாது. 1996-இல் இத்தாலியக் கோப்பை. அட்லாண்டாவுடன் நடந்த இறுதியின் இரண்டு ஆட்டத்திலும் கோல். அதே வருடம் லீக் சாம்பியனும் கோப்பை வென்ற அணியும் மோதும் சூப்பர் கோப்பையில், மிலான் அணியை அதன் சொந்த மைதானத்திலேயே 2–1 என்று வீழ்த்திய ஆட்டத்தில் இரண்டும் அவருடையவை.

லீக் பட்டம் கைக்கு எட்டிய வருடம் 1998-99. டிராபட்டோனி பயிற்சியாளர். பாதி சீசன் முடிந்தபோது ஃபியோரென்டினா முதலிடத்தில் இருந்தது. பிப்ரவரியில் மிலானுக்கு எதிரான ஆட்டத்தில் பாட்டிஸ்டூட்டா காயம்பட்டு வெளியேறினார். சக முன்கள வீரர் எட்மண்டோவோ அதே நேரத்தில் கார்னிவல் திருவிழாவுக்காக பிரேசிலின் ரியோவுக்குப் பறந்துவிட்டார். அணி மூன்றாம் இடத்தில் முடித்தது. பாட்டிஸ்டூட்டா இல்லாத சில வாரங்களில் அணி எப்படித் தடுமாறியது என்று பாருங்கள். ஒரு வீரரின் மதிப்பைக் காட்ட எனக்கு அலமாரிக் கோப்பைகள் வேண்டாம், இந்த வாரங்களே போதும்.

அடுத்தது ரோமா. 2000-இல் 7,000 கோடி லிராவுக்கு (அன்றைய இத்தாலிய நாணயம்) போனார் என்பது உண்மை. அந்தத் தொகை ஃபியோரென்டினாவுக்குப் போனது. கடனில் மூழ்கிக்கொண்டிருந்த கிளப் அது. இரண்டே வருடத்தில் திவாலாகி நான்காம் பிரிவில் புதிதாகத் தொடங்க வேண்டியிருந்தது. பாட்டிஸ்டூட்டாவுக்கு அப்போது 31 வயது. லீக் பட்டம் வேண்டும் என்ற ஏக்கத்தை அவர் மறைத்ததில்லை. அவரை ஃபுளோரன்ஸுக்காகத் தன்னையே அர்ப்பணித்த துறவி மாதிரிப் பேசுகிறவர்களோடும் நான் உடன்படமாட்டேன். அவர் ஜெயிக்க நினைத்தார், ஜெயித்தார். 20 கோல் அடித்தார். பார்மாவுக்கு எதிரான கடைசி ஆட்டத்தில் மூன்றாவது கோலும் அவருடையது. ரோமாவுக்கு 18 வருடம் கழித்துப் பட்டம்.

அதே சீசனில் நவம்பர் 26 அன்று ரோமாவின் மைதானத்துக்கு ஃபியோரென்டினா வந்தது. 83-வது நிமிடம் வரை கோலே இல்லை. அப்போது பந்து தரையில் குதித்து எழ, தூரத்திலிருந்து ஓங்கி உதைத்தார். ஆட்டத்தின் ஒரே கோல். சக வீரர்கள் வந்து கட்டிக்கொண்டார்கள். அவர் கொண்டாடவில்லை, கண் கலங்கி நின்றார். பணத்துக்காகப் போனவர் என்று நீங்கள் சொல்வது இந்த மனிதரைத்தான்.

இன்னொன்றும் இருக்கிறது. 2014-இல் அவர் தொலைக்காட்சியில் சொன்னது இது: ஆட்டத்தை விட்டதும் நடக்கவே முடியாமல் போனது, கழிவறை மூன்று மீட்டர் தூரத்தில் இருந்தும் வலிக்குப் பயந்து படுக்கையிலேயே சிறுநீர் கழித்தார், கால்களை வெட்டிவிடச் சொல்லி மருத்துவரிடம் கேட்டார். வருடக்கணக்கில் தேய்ந்த கணுக்கால்களோடு ஆடியதன் விலை அது. 2019-இல்தான் கணுக்காலுக்குச் செயற்கை மூட்டு வைத்தார்கள்.

சரி, புள்ளிவிவரம் வேண்டாம் என்றால் ஒரு கோலையாவது பாருங்கள். 1999 அக்டோபர் 27, லண்டன் வெம்பிளி மைதானம், ஐரோப்பிய கிளப்புகள் மோதும் சாம்பியன்ஸ் லீக், ஃபியோரென்டினாவின் எதிரணி ஆர்சனல். 75-வது நிமிடம். வலது பக்கம் பந்தை வாங்குகிறார். ஆர்சனலின் வின்டர்பர்ன் எதிரே நிற்கிறார். ஒரு தட்டில் அவரைத் தாண்டுகிறார். எஞ்சியிருக்கும் கோணம் மிகவும் குறுகலானது. அங்கிருந்து யாரும் கோலுக்கு அடிக்க நினைக்கமாட்டார்கள், நடுவே இருப்பவருக்குத் தள்ளிவிடுவார்கள். அவர் அடித்தார். கோல்கீப்பர் சீமனின் தலைக்கு மேலே, எதிர்மூலையின் உச்சியில் பந்து போய் விழுந்தது. ஆர்சனல் அந்த இரவோடு போட்டியிலிருந்து வெளியேறியது. அதைப் பார்த்துவிட்டு எழுதுங்கள். உங்கள் கடிதத்தை அடுத்த இதழில் போடுகிறேன்.