எஃப்-1 மாணவர்களுக்கு எஸ்.எஸ்.என்.: கேள்வி பதில்

எஃப்-1 (மாணவர்) விசாவில் அமெரிக்காவுக்குப் படிக்கப் போகிறவர்கள், அங்கே சம்பளத்துக்கும் வரிக்கும் அரசு தரும் சோஷியல் செக்யூரிட்டி எண்ணை (எஸ்.எஸ்.என்.) பற்றிக் கேட்டவை.

கேள்வி: ஆகஸ்டில் போகிறேன். இறங்கியதும் எஸ்.எஸ்.என். வாங்கிவிடலாமா?

பதில்: முடியாது. முதலில் வேலை, அப்புறம்தான் எண். வளாகத்துக்குள் நூலகத்திலோ உணவகத்திலோ வேலை உறுதியானதும் இரண்டு கடிதங்கள் வாங்குங்கள். ஒன்று வேலை தருபவருடையது. என்ன வேலை, எப்போது தொடக்கம், வாரத்துக்கு எத்தனை மணி நேரம், மேலாளரின் பெயரும் தொலைபேசியும், நிறுவனத்தின் வரி அடையாள எண் எல்லாம் அதில் இருக்க வேண்டும். இன்னொன்று உங்கள் டி.எஸ்.ஓ. (வெளிநாட்டு மாணவர்களின் விசா விவகாரங்களைக் கவனிக்கும் கல்லூரி அதிகாரி) தருவது. இவற்றோடு பாஸ்போர்ட், ஐ-20 (கல்லூரி தரும் மாணவர் சான்று), ஐ-94 (நாட்டுக்குள் வந்ததற்கான பதிவு), எஸ்எஸ்-5 படிவம் (எண்ணுக்கான விண்ணப்பம்) எடுத்துக்கொண்டு சோஷியல் செக்யூரிட்டி அலுவலகத்துக்கு நேரில் போங்கள். நகல் செல்லாது, அசல் வேண்டும். கட்டணம் கிடையாது. பணம் கேட்கும் ஏஜென்ட் யாராக இருந்தாலும் விலகிவிடுங்கள்.

நாட்டுக்குள் வந்து பத்து நாளாவது ஆகட்டும், கல்லூரி உங்கள் பதிவை செவிஸில் (வெளிநாட்டு மாணவர்களுக்கான அரசுத் தரவுத்தளம்) முடிக்கட்டும். அவசரப்பட்டுப் போனால் அங்குள்ள கணினியில் உங்கள் விவரம் தெரியாமல் விண்ணப்பம் கிடப்பில் நிற்கும். வேலை தொடங்க 30 நாளுக்கு மேல் இருந்தாலும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

கேள்வி: ஓ.பி.டி.க்கும் (படிப்புத் துறையில் வேலைப் பயிற்சி) இதே கடிதங்களா?

பதில்: இல்லை. கடிதங்களுக்குப் பதில் இ.ஏ.டி. கார்டு (வேலை அனுமதி அட்டை) போதும்.  சி.பி.டி. (பாடத்திட்டத்தின் பகுதியான வேலைப் பயிற்சி) என்றால் அனுமதி பதிந்த ஐ-20.

கேள்வி: மனைவி எஃப்-2வில் (மாணவரின் குடும்பத்தாருக்கான விசா) இருக்கிறார். அவருக்கும் எண் கிடைக்குமா?

பதில்: எஃப்-2வில் வேலை செய்ய முடியாது, எண்ணும் கிடைக்காது. வரிக்குத் தேவைப்பட்டால் டபிள்யூ-7 படிவம் மூலம் ஐடின் (எஸ்.எஸ்.என். கிடைக்காதவர்களுக்கான வரி எண்) வாங்கலாம்.

கேள்வி: வேலை இல்லை, வங்கிக் கணக்குக்காக மட்டும் எண் கிடைக்குமா?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள். பல வங்கிகளில் பாஸ்போர்ட்டை வைத்தே கணக்குத் திறக்கலாம்.

கேள்வி: எண் வரும்வரை வேலைக்கு வராதே என்கிறார் மேலாளர்.

பதில்: விண்ணப்பித்த ரசீதைக் காட்டி வேலையைத் தொடங்கலாம். சட்டம் தடுக்கவில்லை.

மறுப்பு: ஐயா, இது ஆபத்தான ஆலோசனை. எண் இல்லாமல் வேலை செய்தால் விசாவே போய்விடும் என்று சீனியர்கள் எல்லோரும் சொல்கிறார்கள்.

பதில்: தம்பி, வேலை செய்யும் உரிமையை அந்த எண் தருவதில்லை, உங்கள் எஃப்-1 நிலை தருகிறது. உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் அனுமதி இருந்தால்தான் இது வேலைக்குச் செல்லுபடியாகும் என்று எஸ்.எஸ்.என். அட்டையிலேயே அச்சிட்டிருக்கும். பாடம் நடக்கும் காலத்தில் வாரம் 20 மணி நேரத்தைத் தாண்டினால், அனுமதியில்லாமல் வெளியே ஒரு பெட்ரோல் பங்கில் போய் நின்றால், அப்போதுதான் உங்கள் நிலை பறிபோகும். சீனியர்கள் அதையல்லவா சொல்லித் தர வேண்டும்!

மறுப்பு: சரி, எண் இல்லாமல் ஐ-9 (வேலை செய்யும் தகுதியை உறுதிசெய்யும் படிவம்) எப்படி முடிப்பது? அந்தத் தகுதியை இணையத்தில் சரிபார்க்கும் இ-வெரிஃபை?

பதில்: ஐ-9இல் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டு, எண் வந்ததும் நிரப்பலாம். இ-வெரிஃபையையும் அதுவரை தள்ளிவைக்கலாம். அதற்காக வேலையிலிருந்து நிறுத்தக் கூடாது. டி.எஸ்.ஓ.விடம் சொல்லி மேலாளருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பச் சொல்லுங்கள்.

கேள்வி: பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இல்லை, விசாவில் எஃப்.என்.யூ. (முதல் பெயர் தெரியாது) என்று வந்திருக்கிறது. எந்தப் பெயரில் விண்ணப்பிப்பது?

பதில்: நம்மில் நிறையப் பேருக்கு இது உண்டு. குடியேற்ற ஆவணத்தில் உள்ள பெயரையே பார்ப்பார்கள். இரண்டு கடிதங்களிலும் எழுத்துப் பிசகாமல் அதே பெயர் இருக்கட்டும்.

கேள்வி: அட்டை வந்துவிட்டது. படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பட்டுமா, சரிபார்த்துச் சொல்வீர்களா?

பதில்: வேண்டாம். எனக்கும் அனுப்பாதீர்கள், வேறு யாருக்கும் அனுப்பாதீர்கள். பர்ஸிலும் வைக்காதீர்கள். கைது செய்வோம் என்று மிரட்டி எண்ணைக் கேட்டு அழைப்பு வந்தால் அது மோசடி, உடனே துண்டியுங்கள்.

கேள்வி: வேலை கிடைக்கும் முன்பே விண்ணப்பித்து வைக்கலாமா?

பதில்: முதல் பதில்.