குருத்தோலைச் சிலுவை பின்னும்போது ஓலை பிளக்கிறதா?

கேள்வி: காட்பாடியில் எங்கள் சபைப் பிள்ளைகளே குருத்தோலை ஞாயிறுக்குச் சிலுவை பின்னுவார்கள். வெள்ளிக்கிழமை வாங்கும் தென்னங்குருத்து மறுநாள் மாலைக்குள் சுருண்டு, மடிக்கும் இடத்தில் பிளந்துவிடுகிறது. தண்ணீரில் போட்டுவைத்தால் கறுக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: பிரியாத குருத்தில் வெயில் படுவதில்லை. அதனால் பச்சையம் ஊறாமல் வெளிறியிருக்கும், நாரும் முற்றியிருக்காது. மடித்தால் வளைந்து கொடுப்பது அதனால்தான். ஸ்பெயினின் எல்ச்சே நகரில் இதே பண்டிகைக்காகப் பேரீச்ச ஓலைகளை மரத்திலேயே சேர்த்துக் கட்டி, வெயில் படாமல் மூடி வெளுக்க வைத்துப் பின்னுகிறார்கள். அந்தப் பேரீச்சந்தோப்பு 2000-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. அவர்கள் பாடுபட்டு வரவழைக்கும் வெளுப்பு நம் தென்னையில் தானாகவே கிடைக்கிறது.

ஆனால் வேலூர் வெயிலில் குருத்து சீக்கிரம் காய்ந்துவிடும். ஈஸ்டர் ஏப்ரலில் வரும் வருஷங்களில் கேட்கவே வேண்டாம். குருத்தை வாங்கியதும் பிரிக்காதீர்கள். பருத்தி வேட்டியை நனைத்து, நன்றாகப் பிழிந்து, சுற்றி நிழலில் வையுங்கள். ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டு இன்னும் நல்லது. பிளாஸ்டிக் கவரில் கட்டினால் வேர்த்து, பூசணம் பிடிக்கும். பின்ன உட்காரும்போது தேவையான இதழ்களை மட்டும் பிரித்து, ஈர்க்கை உருவுங்கள். உருவாத ஈர்க்குதான் பெரும்பாலும் மடிப்பைப் பிளக்கிறது. ஓலையைப் பெருவிரல் நகத்தால் ஒருமுறை நீவிவிட்டு மடிக்கச் சொல்லுங்கள்.

சின்னப் பிள்ளைகளுக்கு இந்த முறை எளிது. ஒரு முழ நீள நறுக்கை இரண்டாக மடித்து, மடிப்பு மேலே இருக்கும்படி பிடிக்க வேண்டும். மேலிருந்து மூன்றில் ஒரு பங்கு இறக்கத்தில், அந்த இரண்டு அடுக்குக்கும் நடுவே குறுக்கு நறுக்கை நுழைத்து, அதன் இரு நுனிகளையும் பின்பக்கம் மடித்துச் செருகலாம். பிறகு மெல்லிய கீற்றால் சந்திப்பைப் பெருக்கல் குறி போலக் குறுக்கும் நெடுக்குமாகச் சுற்றிப் பின்னால் முடிச்சுப் போட்டால், காய்ந்த பிறகும் கழலாது.

வருஷம் முழுக்கச் சுவரில் நிற்க வேண்டுமானால் பனங்குருத்து ஓலையில் செய்யுங்கள். அதை முன்கூட்டியே காயவைத்து எடுத்துவைக்கலாம். பின்னுவதற்கு முன் ஈரத்துணியில் சுற்றிவைத்தால் மீண்டும் வளைந்து கொடுக்கும். தென்னையைவிட உறுதி.

குருத்து வெட்டுபவரிடம் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லுங்கள். தென்னைக்கு வளரும் முனை ஒன்றே ஒன்றுதான். அது பட்டுப்போனால் மரமே போய்விடும். குருத்தின் மேல்பாதியை மட்டும் வெட்டட்டும், அடியில் அரிவாள் படக் கூடாது. வெட்டுக்காயத்தின் வாசனைக்குச் சிவப்புக் கூன்வண்டு வந்துவிடும் என்பதால், வேப்பங்கொட்டைத் தூளை மணலோடு கலந்து குருத்தடியில் போடச் சொல்லுங்கள். இளங்கன்றுகளைத் தொடவே வேண்டாம். ஒரே மரத்தில் வருஷா வருஷம் எடுக்காமல், சபையாரின் தோட்டங்களில் மாற்றி மாற்றி எடுங்கள்.