ஐடியில் தனியாகத் தொழில் செய்பவருக்குத் தோதான கூட்டு: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

இம்முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைச் சுற்றித்தான். வேலை தெரியும், தனியாகச் செய்கிறேன், ஆனால் யாரோடு சேர்வது என்று கேட்கிறீர்கள். கொழும்பில் நானும் அப்படித்தான் தனியாகத் தொடங்கினேன். அதனால் ஆறு கேள்விகளுக்கு என் அனுபவத்தில் இருந்தே பதில் சொல்கிறேன்.

ஆறு வருடமாகத் தனியாக நெட்வேர்க், கொம்பியூட்டர் பராமரிப்பு வேலை செய்கிறேன். முன்பு வேலை செய்த இடத்துப் பழக்கத்தில் வந்த வாடிக்கையாளர்கள் குறைந்துவிட்டார்கள். யாரோடு சேர்ந்தால் வேலை வரும்? – கொட்டாஞ்சேனை வாசகர்

உங்களைப் போலவே நெட்வேர்க் செய்யும் இன்னொருவரைத் தேடாதீர்கள். உங்களுக்கு வேலை இல்லாத மாதம் அவருக்கும் வேலை இருக்காது. உங்கள் வாடிக்கையாளரிடமே போய் வருகிற, ஆனால் உங்கள் வேலையைச் செய்யாத ஆளைத்தான் தேட வேண்டும்.

அவரைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. கடைசியாக வேலை செய்துகொடுத்த பத்துப் பேரின் பெயரை ஒரு தாளில் எழுதுங்கள். ஒவ்வொருவருக்கும் போன் எடுத்து, "என்னைக் கூப்பிட முதல் யாரைக் கூப்பிட்டீங்கள்? நான் வந்துபோன பிறகு யார் வந்தது?" என்று கேளுங்கள். திரும்பத் திரும்ப வரும் தொழில்களைக் குறித்துக்கொள்ளுங்கள். உங்களுக்குத் தோதான கூட்டு அந்தத் தாளிலேயே இருக்கும்.

ஒரு பாமசி இரண்டாவது கிளை திறக்கிறது என்று வையுங்கள். முதலில் மின்சார வேலைக்காரர் வருவார். அப்புறம் ராக்கை அடிக்கிற தச்சர், பெயர்ப்பலகைக்காரர், சிசிடிவி கமரா பூட்டுபவர், பில் போடும் சொஃப்ட்வெயார் விற்பவர். எல்லாம் முடிந்து, ரவுட்டரை எங்கே வைப்பது என்ற கேள்வி வரும்போதுதான் உங்களைக் கூப்பிடுவார்கள். அதற்குள் சுவர் பூசி நிறமும் அடித்திருப்பார்கள். கேபிளை வெளியே தொங்கவிட வேண்டும், அல்லது மின்சார வயர் போன அதே குழாய்க்குள் திணிக்க வேண்டும். இரண்டுமே பிழை. மின்சார வேலைக்காரரை முன்பே தெரிந்திருந்தால், சுவர் வெட்டுகிற நாளிலேயே உங்களுக்கும் தனிக் குழாய் ஒன்றைப் பதித்துவிடுவார். அவருக்கும் இதில் நன்மை இருக்கிறது. பூசிய சுவரை மறுபடி உடைக்கச் சொல்லி யாரும் அவரைக் கூப்பிடமாட்டார்கள்.

கணக்காளர்களை நான் இன்னும் மேலே வைப்பேன். ஒரு சிறு வியாபாரத்தின் கொம்பியூட்டர் எவ்வளவு மோசமாக இருக்கிறது என்பது முதலாளிக்குத் தெரியும் முன் கணக்காளருக்குத் தெரிந்துவிடும். கோப்பு தொலைந்துபோனால் அவருடைய வேலைதான் நிற்கும். முதலாளி பணவிஷயத்தில் அவர் சொன்னால் கேட்பார். ஆனால் ஒக்டோபர், நவம்பரில் அவர் வாசலுக்குப் போகவேண்டாம். நம்முடைய வரி வருடம் மார்ச் 31இல் முடிகிறது, அதற்கான வருமான வரி விவரத்தை நவம்பர் 30க்குள் கொடுக்க வேண்டும். அந்த இரண்டு மாதமும் அவருக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. ஜனவரியில் போங்கள். போய் வேலை கேட்காமல், அவருடைய அலுவலகத்து பேக்அப்பில் இருந்து ஒரு கோப்பை அவர் கண்முன்னே மீட்டெடுத்துக் காட்டுங்கள். பேக்அப் எடுப்பவர்கள் பலர் இருக்கிறார்கள், அதைத் திருப்பி எடுத்துப் பார்த்தவர்கள் குறைவு. மீட்க முடியாமல் போனால் அதையும் அன்றே தெரிந்துகொண்டாரே, அது அவருக்குப் பெரிய உதவி.

பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் கொம்பியூட்டர் விற்கும் கடைகளையும் யோசியுங்கள். பத்து மெஷின் வாங்கும் அலுவலகத்துக்கு அவற்றைப் பூட்டிக்கொடுக்க ஆள் வேண்டும், கடையில் நிற்பவருக்கோ கல்லாவை விட்டு வரமுடியாது. "நான் மெஷின் விற்பதில்லை, பூட்டிக் கொடுப்பது மட்டும்தான்" என்று முதல் நாளே சொல்லுங்கள். சொன்னபடி கடைசிவரை நில்லுங்கள்.

எனக்குச் சிங்களம் கொஞ்சம்தான் வரும். நுகேகொடை, மஹரகம பக்கம் வேலை எடுக்க ஒரு சிங்கள நண்பரைச் சேர்த்துக்கொள்ளலாமா? – வெள்ளவத்தை வாசகர்

தாராளமாக. ஆனால் அவரை உங்கள் வாயாக மட்டும் வைத்துக்கொள்ளாதீர்கள். ஒவ்வொரு சந்திப்புக்கும் நீங்களும் போங்கள், தடுமாறினாலும் பேசுங்கள். இல்லாவிட்டால் ஒரு வருடத்தில் வாடிக்கையாளருக்கு அவரைத் தெரியும், உங்களைத் தெரியாது.

அதோடு, உங்களிடம் இருப்பதையும் குறைவாக எடைபோடாதீர்கள். மூன்று மொழியில் இணையத்தளம் செய்யும் சிங்கள நண்பர்கள் பலருக்குத் தமிழ்ப் பக்கம்தான் தலையிடி. வாடிக்கையாளர் தரும் தமிழ் ஆவணம் பாமினி என்ற பழைய எழுத்துருவில் இருக்கும். அதை அப்படியே ஒட்டினால் திரையில் புரியாத ஆங்கில எழுத்துகள்தான் வரும். சிங்களத்தில் எப்எம் அபயா எழுத்துருவுக்கும் இதே கதை. எந்தத் திரையிலும் சரியாகத் தெரியும் யூனிகோடுக்கு மாற்றி, ஒற்றும் கொம்பும் சரியாக விழுந்திருக்கிறதா என்று வாசித்துப் பார்க்க அவர்களுக்கு ஒரு தமிழ் ஆள் வேண்டும். உங்கள் மொழி அவருக்குத் தேவை, அவர் மொழி உங்களுக்குத் தேவை. அப்படி அமையும் கூட்டுத்தான் நிலைக்கும்.

நல்ல கூட்டாளி கிடைத்தால் என் வாடிக்கையாளரை அவரே எடுத்துக்கொள்ளமாட்டாரா? – தெமட்டகொடை வாசகர்

உங்கள் வேலையையே செய்பவர் என்றால் எடுக்கலாம். கணக்காளர் வந்து ரவுட்டர் பூட்டப்போவதில்லை. அதனால்தான் வேறு தொழில்காரரைத் தேடுங்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

பள்ளிக்கூட நண்பனோடு பாதிக்குப் பாதி என்று பேசியிருக்கிறோம். அவன் வெப்சைட், நான் சேர்வர். கம்பனி பதியலாமா, பேச்சே போதுமா? – பம்பலப்பிட்டி வாசகர்

இரண்டும் இப்போது வேண்டாம் தம்பி. முதலில் மூன்று வேலையைச் சேர்ந்து செய்யுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கத்தில் எழுதி இருவரும் கையொப்பமிடுங்கள். யார் எதைச் செய்வது, பணம் எப்போது எப்படிப் பிரிவது, இரவு பத்து மணிக்கு வாடிக்கையாளர் அழைத்தால் யார் எடுப்பது என்பதை அதில் எழுதுங்கள். கடைசியாகச் சொன்னதை யாரும் எழுதுவதில்லை, நண்பர்கள் முகம் கோணுவது பெரும்பாலும் அதில்தான்.

மூன்று வேலையும் நன்றாகப் போனால் பதிவைப் பற்றி யோசியுங்கள். இரண்டு பேர் கூட்டு வணிகமாக நடத்துவதென்றால் வணிகப் பெயரைப் பிரதேச செயலகம் மூலம் பதியலாம், செலவு குறைவு. ஆனால் தொழிலில் கடன் வந்தால் இருவருடைய சொந்தச் சொத்தும் அதற்குப் பொறுப்பு, உங்கள் நண்பர் தொழிலுக்காகப் பட்ட கடன் உட்பட. 1840ஆம் ஆண்டில் இருந்து இருக்கும் மோசடி தடுப்புக் கட்டளைச் சட்டம், 1,000 ரூபாவுக்கு மேல் மூலதனம் உள்ள கூட்டு எழுத்தில், கையொப்பத்தோடு இருக்க வேண்டும் என்கிறது. இன்றைக்கு ஒரு நல்ல கீபோர்டே அந்த விலையைத் தாண்டிவிடும். ஆகவே வெறும் பேச்சை நம்பி இருக்கவேண்டாம். 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் கீழ் தனியார் கம்பனி பதிந்தால் கடன் பொறுப்பு மட்டுப்படும். ஆனால் செயலாளர், வருடாந்தக் கணக்கு என்று செலவும் கூடவே வரும். எதைச் செய்தாலும் ஒரு சட்டத்தரணியிடம் ஒருமுறை காட்டுங்கள்.

எழுதி வைக்காததால் எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். வெப்சைட் செய்யும் ஒருவரோடு நான்கு வருடம் ஒன்றாக வேலை செய்தேன். திறமைசாலி, நல்ல மனிதர். எல்லாம் வட்ஸ்அப்பில்தான் பேசிக்கொள்வோம். 2022இல் நெருக்கடி வந்தபோது, நம் துறையில் எத்தனையோ பேர் போனதுபோல, அவரும் குடும்பத்தோடு வெளிநாடு போய்விட்டார். அடுத்த வருடம் ஒரு வாடிக்கையாளரின் இணையத்தளம் திடீரென்று நின்றது. டொமைன், அதாவது தளத்தின் இணைய முகவரி, அவருடைய சொந்த மின்னஞ்சலில் பதிவாகியிருந்தது. புதுப்பிக்கச் சொல்லி வந்த கடிதமெல்லாம் அவர் பார்ப்பதை விட்டுவிட்ட பெட்டிக்குள் கிடந்தது. அவரைப் பிடித்து, பாஸ்வேர்ட் மீட்டு, தளத்தை எழுப்ப மூன்று வாரம் போனது. பத்து வருடம் என்னை நம்பிய முதலாளி அந்த மூன்று வாரமும் என்னிடம் மரியாதையாகத்தான் பேசினார். அடுத்த வருட ஒப்பந்தத்தை மட்டும் தரவில்லை.

இப்போது நான் சேரும் எந்த வேலையிலும் டொமைன், ஹோஸ்டிங் (தளத்தை வைத்திருக்கும் வாடகை இடம்), சேர்வர் பாஸ்வேர்ட் எல்லாம் வாடிக்கையாளரின் பெயரிலேயே இருக்கும். எழுதிய கோட் யாருக்குச் சொந்தம் என்பதும் தாளில் இருக்கும். அதை நீங்களும் விடவேண்டாம். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தில், ஊழியர் வேலையின்போது எழுதினால்தான் பொருளாதார உரிமை, அதாவது அதைப் பயன்படுத்திப் பணம் பெறும் உரிமை, முதலாளிக்குப் போகும். நண்பன் உங்கள் ஊழியன் அல்லவே. வேறுவிதமாக எழுதிக்கொள்ளாவிட்டால் அவன் எழுதியது அவனுடையதுதான்.

வேலை பிடித்துக் கொடுப்பவருக்குக் கொமிஷன் கொடுக்கலாமா? எவ்வளவு? – மட்டக்குளி வாசகர்

கொடுக்கலாம், ஆனால் வாடிக்கையாளருக்குத் தெரிந்து. மறைத்துக் கொடுத்தது ஒருநாள் வெளியே வரும். அன்றைக்கு நீங்கள் சொன்ன விலை எல்லாமே சந்தேகத்துக்கு உரியதாகிவிடும். நான் முதல் இன்வொய்ஸில் மட்டும் 10 வீதம் கொடுக்கிறேன், பிறகு வரும் மாதாந்தக் கட்டணத்தில் கொடுப்பதில்லை. என் வேலையின் தரத்துக்கு நான்தான் பொறுப்பு என்பதால் இந்தப் பிரிவு எனக்குச் சரியாகப் படுகிறது. கணக்காளர்கள் பலர் பணம் வாங்கமாட்டார்கள், அவர்களுடைய தொழில் ஒழுக்கவிதிகள் அதில் கண்டிப்பானவை. அவர்களுக்கு வேலையாகவே திருப்பிச் செய்யுங்கள்.

வேலையையே பிரித்துக் கொடுக்கிறீர்கள் என்றால் வரியையும் கவனியுங்கள். ஒரு தனிநபருக்குச் சேவைக் கட்டணமாக மாதம் 1 இலட்சம் ரூபாவுக்கு மேல் கொடுக்கும்போது 5 வீதத்தைப் பிடித்துவைத்து உள்நாட்டு இறைவரித் திணைக்களத்துக்குக் கட்ட வேண்டும். கூட்டாளிக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் பணத்தை வெட்டிவிட்டீர்கள் என்று நினைப்பார்.

வீட்டில் இருந்தே வெப் டிசைன் செய்கிறேன். இரண்டு சின்னப் பிள்ளைகள். மாலையில் நடக்கும் ஐடி கூட்டங்களுக்குப் போகமுடியாது. ஆட்களை எங்கே சந்திப்பது? – தெஹிவளை வாசகி

அக்கூட்டங்களுக்குப் போகமுடியவில்லை என்று கவலைப்படாதீர்கள் தங்கச்சி. அங்கே வருகிறவர்களும் பெரும்பாலும் ஐடிக்காரர்கள்தான். உங்களுக்கு வேண்டியவர்கள் வேறு இடத்தில் இருக்கிறார்கள். நீங்கள் படித்த பள்ளிக்கூடத்தின் பழைய மாணவர் சங்கத்துக்குக் கொழும்புக் கிளை இருக்கிறதா பாருங்கள். யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூடங்கள் பலவற்றுக்கு இருக்கிறது. கணக்காளர், சட்டத்தரணி, அச்சகக்காரர், டாக்டர் எல்லாரும் ஒரே பட்டியலில் இருப்பார்கள், "நீங்கள் எந்த பட்ச்?" என்ற கேள்வியோடு பேச்சும் தானாகத் தொடங்கிவிடும். பிள்ளைகளை வகுப்புக்குக் கூட்டிவரும் தாய்மார்களில் எத்தனை பேர் வீட்டில் கேக் செய்து விற்கிறார்கள், புகைப்படம் எடுக்கிறார்கள், மொழிபெயர்க்கிறார்கள் என்றும் கேட்டுப் பாருங்கள். புகைப்படக்காரரும் மொழிபெயர்ப்பாளரும் வெப் டிசைனருக்கு முதல் தரமான கூட்டு. நல்ல படமும் எழுத்தும் வராமல் எத்தனை தளங்கள் பாதியில் கிடக்கின்றன என்பது உங்களுக்கே தெரியும்.

மாதம் இரண்டு பேரைச் சந்தித்தால் போதும், பகலில், காலி வீதியில் ஏதாவது ஒரு தேநீர்க்கடையில். முதல் சந்திப்பில் "எனக்கு வேலை இருந்தால் சொல்லுங்கள்" என்று கேட்காதீர்கள். "உங்கள் தொழிலில் வாடிக்கையாளர் கேட்டும் நீங்கள் செய்துகொடுக்க விரும்பாத வேலை எது?" என்று அவரிடம் கேளுங்கள். அவர் சொல்வதைக் குறித்துக்கொண்டு வந்து, அதில் உங்களால் முடிந்தது எது என்று அன்றிரவே வட்ஸ்அப்பில் எழுதி அனுப்புங்கள்.