சமீபத்தில் பார்த்த அறிவியல் புனைவு, மாயப் புனைவுப் படங்களிலும் தொடர்களிலும் உங்களுக்குப் பிடித்தவை, பிடிக்காதவை எவை?

தண்ணீரே இல்லாத பாலைவனக் கிரகத்தில் நடக்கிற டியூன் படத்தின் இரண்டாம் பாகத்தை நான் பார்த்த நேரம் அப்படி. 2024 மார்ச். பெங்களூரில் போர்வெல்கள் வறண்டு, கக்கதாசபுரத்தில் எங்கள் அபார்ட்மெண்டில் காலையில் ஒன்றரை மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம்தான் தண்ணீர். குடிநீரில் கார் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று வாட்டர் போர்டு அறிவித்திருந்தது. ஐந்து கிலோமீட்டருக்குள் 6,000 லிட்டர் டேங்கருக்கு 600 ரூபாய் என்று மாவட்ட நிர்வாகம் விலை கட்டியது. எங்களுக்கு வந்த டேங்கர்காரர் அந்தச் செய்தியைப் படிக்கவில்லை போலிருக்கிறது.

படத்துக்குப் போவதற்கு முந்தின ராத்திரி, கதை மறந்துவிட்டதே என்று 2021இல் வந்த முதல் பாகத்தை வீட்டில் ஒரு தடவை ஓட்டினேன். தர்மபுரியிலிருந்து வந்திருந்த அம்மாவும் கூடவே உட்கார்ந்து, கழுவத் தண்ணீர் இல்லாமல் வெண்டைக்காயை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டே பார்த்தார். பாலைவனத் தலைவன் ஸ்டில்கர், பிரபுவின் மேஜை மேல் எச்சில் துப்புகிற காட்சி வந்தது. “சீ, என்னடா இது!” என்றார். அந்த ஊரில் உடம்பின் ஈரம்தான் சொத்து, அதைக் கொடுப்பதுதான் பெரிய மரியாதை என்று விளக்கினேன். வியர்வையையும் சிறுநீரையும் வடிகட்டிக் குடிக்கக் கொடுக்கிற உடுப்பைப் பற்றியும் அளந்தேன். அம்மா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுக் கேட்டார்: “அந்த உடுப்பை எதுலடா தொவைப்பாங்க?”

இன்று வரை என்னிடம் பதில் இல்லை.

மறுநாள் கோரமங்கலா ஐமேக்ஸில் ராட்சத மணல்புழு மேல் ஏறி ஓட்டுகிற காட்சிக்கு நாற்காலியே அதிர்ந்தது, நிஜம்தான். ஆனால் எனக்கு ஒட்டிக்கொண்டது வேறு. செத்தவர்களின் உடம்பிலிருந்து தண்ணீரை உறிஞ்சி எடுத்துப் போய், குகைக்குள் இருக்கும் பெரிய குளத்தில் ஊற்றுகிறார்கள். ஒருத்தரும் அதைக் குடிப்பதில்லை. குளத்தைக் காட்டியதும் பின்வரிசையில் யாரோ “டேங்கர் வந்துடுச்சு டோய்” என்று தமிழில் கத்த, பாதி தியேட்டர் சிரித்தது.

அதிலிருந்து எனக்கு ஒரு கிறுக்கு. எந்த உலகத்தைக் காட்டினாலும் அங்கே வாடகை எவ்வளவு, சோறு யார் போடுகிறார்கள், மாடிப்படி எத்தனை என்றுதான் கண் போகிறது. இதில் தேறினால் கிராபிக்ஸ் சுமாராக இருந்தாலும் மன்னித்துவிடுவேன்.

ஆண்டோர் தொடர் இதில் முதல் வகுப்பு. ஸ்டார் வார்ஸ் உலகம்தான், ஆனால் ஒளிவாள் சண்டை கிடையாது. முதல் சீசனில் ஒரு சிறை வருகிறது. மேஜைக்கு ஏழு பேர், அறைக்கு ஏழு மேஜை, என்ன செய்கிறோம் என்றே தெரியாத ஏதோ ஒரு பாகத்தை நாள் முழுக்கப் பொருத்திக்கொண்டே இருக்க வேண்டும். எல்லோரும் வெறுங்கால், தரையில் மின்சாரம். ஷிஃப்ட் முடிவில் முதலில் வந்த மேஜைக்குச் சாப்பாட்டில் ருசி சேரும்; கடைசி மேஜைக்கு ஷாக். ஐ.டி.யில் ஆட்களை வரிசைப்படுத்தி யாரையாவது கடைசியில் தள்ளியே ஆகிற பெல் கர்வ் அப்ரைசல் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ஸ்டார் வார்ஸின் பெரிய வில்லன் டார்த் வேடர் ஒரு காட்சியில்கூட இல்லாமல் பேரரசு மேல் இவ்வளவு பயம் வந்தது எனக்கு இதில்தான்.

செவரன்ஸ் தொடர் தெரிந்திருக்கும். ஆபீஸ் நினைவையும் வீட்டு நினைவையும் மூளையில் சிப் வைத்துப் பிரித்துவிடுகிறார்கள். ஆபீஸ் ஆள் சாயங்காலம் லிஃப்டில் ஏறினால், அவனுக்கு அடுத்த நொடியே கதவு திறந்து மறுபடி காலை. தூக்கம் என்றால் என்னவென்றே அறியாத ஜென்மம். நன்றாக வேலை செய்தால் பரிசு, தட்டு நிறைய முலாம்பழத் துண்டு! எங்கள் கம்பெனியில் ஒரு ரிலீஸ் முடிந்ததும் இருபது பேருக்கு ஒரு கேக் வெட்டினார்கள். அந்த முலாம்பழம் எவ்வளவோ மேல். முதல் சீசன் 2022, இரண்டாவது 2025. நடுவில் கதையே மறந்து போனது. இரண்டாம் சீசனில் எல்லோரையும் பனிக்காட்டுக்கு டீம் அவுட்டிங் கூட்டிப் போகிற எபிசோடு மட்டும் அபாரம். கனகபுரா ரோடு ரிசார்ட்டில் மேனேஜரோடு கயிறு இழுத்தவர்கள் அவசியம் பார்க்க வேண்டும். மற்றபடி ஆபீஸுக்குள்ளேயே வளர்க்கிற அந்த ஆட்டுக்குட்டிகளை வைத்து ரொம்பத்தான் இழுத்துவிட்டார்கள்.

கல்கி 2898 ஏடி மேல் எனக்குக் கோபமே உண்டு. வறண்ட காசி, மேலே மிதக்கிற காம்ப்ளெக்ஸ், அதற்குள் நுழைய பத்து லட்சம் யூனிட் (அந்த உலகத்துப் பணம்) சேர்க்க வேண்டும் என்ற ஏற்பாடு, எல்லாம் முதல் தரம். அந்த யூனிட்டைச் சாதாரண ஆள் எப்படிச் சேர்க்கிறான், பாதி வழியில் உடம்புக்கு முடியாமல் போனால் என்ன ஆகும் என்று ஒரு பத்து நிமிஷம் காட்டியிருக்கலாம். அதை விட்டுவிட்டுப் பிரபாஸுக்குக் காமெடி. கமல் வந்து உட்கார்ந்து நிமிர்வதற்குள் படம் முடிந்துவிட்டது. அமிதாப்பின் அசுவத்தாமன் மட்டும் கொடுத்த காசுக்கு வஞ்சனை இல்லை.

லார்ட் ஆஃப் தி ரிங்ஸின் முன்கதைத் தொடர் ரிங்ஸ் ஆஃப் பவர்? துணிமணி பளபளப்பு. யாருக்கும் பசித்த மாதிரியே தெரியவில்லை. நான்கு எபிசோடோடு விட்டேன்.

தமிழில் மாநாடு (2021) எனக்கு இன்னும் அலுக்கவில்லை. ஒரே நாள் திரும்பத் திரும்ப வருவது பழைய சரக்குதான். ரத்தம் கலந்து வில்லனுக்கும் அந்த நாள் ஞாபகம் இருக்க ஆரம்பிக்கிறது பாருங்கள், அங்கேதான் படம் எழுந்து உட்காருகிறது. எஸ்.ஜே.சூர்யாவின் எரிச்சல், திங்கட்கிழமை காலை சில்க் போர்டு சிக்னலில் நிற்பவன் எரிச்சல். அயலான் குழந்தைகளோடு பார்க்கச் சரி.

2025இல் வந்த மலையாள லோகா எங்கள் ஊரிலேயே நடக்கிற கதை. பழைய கேரளத்து யட்சி பெங்களூரில் வாடகை வீடு எடுத்து, கஃபேயில் நைட் ஷிஃப்ட் வேலைக்குப் போகிறாள். நம்ம சாண்டி மாஸ்டர் போலீஸ் வில்லன். டான்ஸ் மாஸ்டரிடம் இப்படி ஒரு முகம் இருக்குமென்று நினைக்கவில்லை. அதைப் பார்த்தும் அம்மாவிடம் ஒரு கேள்வி இருந்தது: “அட்வான்ஸ் பத்து மாசம் கேட்டிருப்பாங்களே, பேய்க்கு ஏதுடா அவ்வளவு பணம்?”

டியூன் மூன்றாம் பாகம் 2026 டிசம்பரில் என்று அறிவித்திருக்கிறார்கள். அம்மாவையும் தியேட்டருக்கே கூட்டிப் போகிறேன். டிசம்பரில் இங்கே குழாயில் தண்ணீர் வரும், அவரும் நிம்மதியாகப் பார்ப்பார்.